டார்ச் லைட்டுக்கும் டிரைவர் உண்டு!

டிரைவர் என்றதும் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு நினைவுக்கு வருவது பிரிண்டருடனும் சவுண்ட் கார்டுடனும் வந்த சி.டி. தான். இப்போது அந்த சி.டி. வருவது அநேகமாக நின்றுவிட்டது. விண்டோஸே இணையத்தில் தேடி டிரைவரை நிறுவிக்கொள்கிறது. இங்கே நாம் பார்க்கப் போகும் டிரைவர் அதுவல்ல. சக்தி வாய்ந்த எல்.இ.டி. டார்ச் லைட்டின் தலைப் பகுதிக்குள், ஒரு ரூபாய் நாணயத்தை விடச் சற்றுச் சிறிய வட்டமான சர்க்யூட் போர்டு ஒன்று இருக்கும். அதற்கும் டிரைவர் என்றுதான் பெயர். டார்ச் நன்றாக உழைக்குமா, பத்து நாளில் மூலைக்குப் போகுமா என்பதைப் பெரும்பாலும் அந்தச் சின்ன போர்டுதான் முடிவு செய்கிறது.

கம்ப்யூட்டர் பத்திரிகையில் டார்ச் லைட் எதற்கு என்று கேட்கிறீர்களா? புதிதாகக் கம்ப்யூட்டரும் இணைய இணைப்பும் வாங்கியவர்கள் விரைவில் ஆன்லைன் கடைக்குள் நுழைந்துவிடுவார்கள். அங்கே டார்ச் என்று டைப் செய்து பாருங்கள். '1,00,000 லூமன்', '9900 எம்.ஏ.எச். பேட்டரி' என்றெல்லாம் வரும். விலையோ சில நூறு ரூபாய்தான். ராம் எத்தனை ஜி.பி., பிராசசர் எந்தத் தலைமுறை என்று பார்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள்கூட இந்த எண்களில் மயங்கிவிடுகிறார்கள். இவை எவ்வளவு உண்மை என்று ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம்.

நல்ல வெள்ளை எல்.இ.டி. ஒன்று, முழு வேகத்தில் எரியும்போது ஒரு வாட் மின்சாரத்துக்குச் சுமார் 100 லூமன் ஒளி தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 1,00,000 லூமனுக்கு 1000 வாட் வேண்டும். அதாவது உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டி இழுக்கும் மின்சாரம்! கைக்கு அடக்கமான டார்ச்சில் உள்ள ஒரு லித்தியம் பேட்டரியில் இருப்பதோ 12 வாட் அவர் அளவுக்கான சக்தி. 1000 வாட் இழுத்தால் முக்கால் நிமிடம்கூடத் தாங்காது. அதற்கு முன்பே பேட்டரி என்ன ஆகும் என்பது வேறு விஷயம். எனவே அட்டைப் பெட்டியில் உள்ள லூமனைக் கடைசியில் பார்க்கலாம்.

எங்கே பயன்படுத்தப் போகிறீர்கள்?

வெறும் எண்களாகப் பேசாமல் ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் போகும் சாலைக்கு அருகே, விழுப்புரம் மாவட்டத்தில் இரும்பை இருக்கிறது. பாடல் பெற்ற தலமான மாகாளேசுவரர் கோயில் உள்ள ஊர். ஆரோவில் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து வடகிழக்கே போனால் 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி. அதையும் தாண்டினால் மரக்காணம் உப்பளங்கள்.

இந்தப் பகுதியில் இருப்பவருக்கு டார்ச் மூன்று வேலைகளுக்குத் தேவைப்படும். முதலாவது, இருட்டில் ஏரிக்கரையிலும் வரப்பிலும் நடப்பது. உப்பளத்தில் வெயில் ஏறுவதற்கு முன் வேலையை முடிக்க, விடியுமுன்பே பாத்திகளுக்குப் போக வேண்டியிருக்கிறது. கால் வைக்கும் இடத்தில் பாம்பு கிடக்கிறதா என்று தெரிந்தாக வேண்டும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. அதில் பெரும்பகுதி கிராமங்களில்தான். இரண்டாவது, தொலைவில் பார்ப்பது: எதிர்க் கரையில் யார் வருகிறார்கள், மடை திறந்திருக்கிறதா, படகு எங்கே நிற்கிறது என்பது போன்றவை. மூன்றாவது, புயல். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபின், பல கிராமங்களில் நாள் கணக்கில், சில இடங்களில் வாரக் கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அப்போதும் இந்த வட்டாரம் முழுவதும் வெள்ளமும் மின்வெட்டும்தான்.

இந்த மூன்று வேலைகளில் ஒன்றுக்கும் 1,00,000 லூமன் தேவையில்லை. வரப்பில் நடக்க 100 லூமன் தாராளம். உப்பு வாரிக் குவித்திருக்கும் இடத்தில் அதற்கு மேல் போனால், வெள்ளை உப்பிலும் தேங்கிய நீரிலும் பட்ட ஒளி நம் கண்ணுக்கே திரும்பி வந்து கூசும். புயல் இரவில் வீட்டுக்குள் 10 லூமனை மேல் கூரையைப் பார்த்துப் பிடித்தால் போதும், சமையல் அறையில் தடுக்கி விழாமல் நடக்கலாம். தொலைவில் பார்க்கத்தான் உண்மையில் சக்தி வேண்டும். அதற்கும் லூமனை விட முக்கியமானது வேறொன்று. அது பின்னால் வருகிறது.

கட்டை டார்ச்சுக்கு ஏன் டிரைவர் இல்லை?

நம் வீட்டுப் பெரியவர்கள் இரண்டு கட்டை, மூன்று கட்டை என்று பேட்டரிகளை எண்ணி டார்ச் வாங்கினார்கள். ஒரு கட்டை ஒன்றரை வோல்ட். மூன்று கட்டை என்றால் நாலரை வோல்ட். நேராக பல்புக்குப் போகும். பல்பின் இழை சூடானால் அதன் மின்தடையும் கூடும். அதனால் மின்னோட்டம் தானாகவே ஓர் அளவில் நின்றுவிடும். டிரைவர் தேவைப்படவில்லை.

எல்.இ.டி. அப்படியல்ல. 2010-ன் இறுதியில் க்ரீ நிறுவனம் வெளியிட்ட எக்ஸ்.எம்.-எல் என்ற எல்.இ.டி.யை உதாரணமாகப் பார்ப்போம். சக்தி வாய்ந்த டார்ச் மோகத்தைக் கிளப்பிவிட்டதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 5 மில்லிமீட்டர் சதுரம்தான். 2.9 வோல்ட் கொடுத்தால் 0.7 ஆம்பியர் இழுக்கும். 3.35 வோல்ட் கொடுத்தால் 3 ஆம்பியர்! அரை வோல்ட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் மின்னோட்டம் நான்கு மடங்குக்கு மேல் போய்விடுகிறது. இன்னும் கொஞ்சம் வோல்ட் கூடினால் சூடு ஏறும். சூடு ஏறினால் அதே வோல்ட்டில் இன்னும் அதிகம் இழுக்கும். முடிவில் கருகிவிடும்.

லித்தியம் பேட்டரி நிறைந்திருக்கும்போது 4.2 வோல்ட், தீரும் நேரத்தில் 3 வோல்ட். இப்படி ஏறி இறங்கும் பேட்டரிக்கும், துளி வோல்ட்டுக்கே துள்ளும் எல்.இ.டி.க்கும் நடுவே நின்று, 'இவ்வளவு ஆம்பியர்தான்' என்று கட்டுப்படுத்துவதே டிரைவரின் வேலை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 0.7 ஆம்பியரில் இந்த எல்.இ.டி. செலவிடுவது சுமார் 2 வாட். தருவது சுமார் 300 லூமன். 3 ஆம்பியரில் செலவு 10 வாட், வரவு சுமார் 1000 லூமன். ஐந்து மடங்கு செலவுக்கு மூன்று மடங்கு சொச்சம் வெளிச்சம். அதிலும் நம் கண்ணுக்கு இரு மடங்கு வெளிச்சமாகத் தோன்ற வேண்டுமானால் ஒளி ஏறக்குறைய நான்கு மடங்கு கூட வேண்டும். 1000 லூமன் டார்ச்சையும் 1200 லூமன் டார்ச்சையும் அருகருகே பிடித்தால்கூட வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். 200 லூமனுக்காகக் கூடுதல் விலை தராதீர்கள்.

டிரைவரில் எது நல்லது?

எளிமையானது லீனியர் டிரைவர். ஏ.எம்.சி. 7135 என்ற சின்ன சிப் ஒன்று 350 மில்லி ஆம்பியரை அளந்து விடும். எட்டு சிப்களை இணையாக வைத்தால் 2.8 ஆம்பியர். விலை மலிவு. கெட்டுப்போக அதிகம் ஒன்றுமில்லை. குறை என்னவென்றால், பேட்டரிக்கும் எல்.இ.டி.க்கும் உள்ள வோல்ட் வித்தியாசத்தை அப்படியே சூடாக்கி வீணடிக்கும். பேட்டரி 4.2, எல்.இ.டி. 3.3 என்றால் 0.9 வோல்ட்டை 2.8 ஆம்பியரால் பெருக்குங்கள். இரண்டரை வாட் வீண். ஆனால் பேட்டரி இறங்க இறங்க இந்த இழப்பும் குறையும். ஒரே பேட்டரியும் 3 வோல்ட் வகை எல்.இ.டி.யும் உள்ள டார்ச்சுக்கு லீனியர் டிரைவரே போதும் என்பது என் கருத்து. சராசரியாகப் பத்தில் ஒன்பது பங்கு சக்தி எல்.இ.டி.க்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இரண்டு பேட்டரிகளைத் தொடராக வைத்து 8.4 வோல்ட் வரும் டார்ச்சில் இதே லீனியர் டிரைவரைப் போட்டால் பாதிக்கும் மேல் வீணாகும். அங்கே தேவை பக் டிரைவர். இதை நீங்கள் ஏற்கனவே வைத்திருக்கிறீர்கள்! உங்கள் கம்ப்யூட்டரின் கேபினட்டைத் திறந்தால், மதர்போர்டில் பிராசசரைச் சுற்றி சதுரமான சின்னக் கட்டிகள் வரிசையாக நிற்கும். அவை சோக் காயில்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் 12 வோல்ட்டை ஒரு வோல்ட் அளவுக்கு இறக்கி, பதிலுக்கு அதிக ஆம்பியராக மாற்றி பிராசசருக்குக் கொடுக்கும் பக் சர்க்யூட்டின் உறுப்புகள். டார்ச்சில் இருப்பது அதன் தம்பி.

இதற்கு நேர் எதிரானது பூஸ்ட் டிரைவர். பவர் பேங்க்கில் 3.7 வோல்ட் பேட்டரியை 5 வோல்ட்டாக ஏற்றி யு.எஸ்.பி. வழியே கொடுப்பது இதுதான். க்ரீயின் எக்ஸ்.எச்.பி. 50, எக்ஸ்.எச்.பி. 70 போன்ற எல்.இ.டி.கள் 6 அல்லது 12 வோல்ட் கேட்பவை. ஒரே பேட்டரியில் இவற்றை எரிக்க பூஸ்ட் டிரைவர் இருந்தே தீர வேண்டும். பூஸ்டில் ஒரு வசதி, பேட்டரி பாதி இறங்கினாலும் வெளிச்சம் குறையாமல் ஒரே சீராக இருக்கும்.

கடைசியாக எஃப்.இ.டி. டிரைவர். உண்மையில் இது கட்டுப்படுத்துவதே இல்லை. வெறும் சுவிட்ச். பேட்டரியின் முழு வேகத்தையும் அப்படியே எல்.இ.டி.க்குத் திறந்துவிடும்; பேட்டரி, ஸ்பிரிங், ஒயர் ஆகியவற்றின் மின்தடை மட்டுமே தடுப்பு. விளம்பரத்தில் 'டர்போ' என்று வரும் பெரிய எண்கள் பெரும்பாலும் இதிலிருந்து வருபவைதான். குறைந்த வெளிச்சம் வேண்டுமென்றால் விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை அணைத்து அணைத்து எரிய விடும். இதை பி.டபிள்யு.எம். என்கிறார்கள். எரியும் ஒவ்வொரு கணமும் எல்.இ.டி. முழு வேகத்தில் எரிவதால், குறைந்த வெளிச்சத்திலும் பேட்டரி கணிசமாக வீணாகும். நண்பர்களிடம் போட்டுக் காட்ட எஃப்.இ.டி. அருமை. புயல் இரவுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இப்போது பல நல்ல டார்ச்களில் சாதாரண வெளிச்சத்துக்கு லீனியர், டர்போவுக்கு மட்டும் எஃப்.இ.டி. என இரண்டையும் சேர்த்தே வைக்கிறார்கள். அப்படி இருந்தால் குறையில்லை.

3000 எம்.ஏ.எச். பேட்டரியை லீனியர் டிரைவர் வழியே 20 மில்லி ஆம்பியரில் எரித்தால் 150 மணி நேரம்; அதாவது இரவு முழுக்க எரித்தாலும் பன்னிரண்டு இரவுகள். வெளிச்சம் 10 லூமன் அருகே இருக்கும். இதே பேட்டரி 3 ஆம்பியரில் ஒரு மணி நேரம்தான். தானே புயல் போன்ற சமயத்தில் எது பயன்படும் என்று நீங்களே முடிவு செய்யலாம். டார்ச் வாங்கும்போது 'அதிகபட்சம் எவ்வளவு' என்பதற்குப் பக்கத்தில் 'குறைந்தபட்சம் எவ்வளவு, எத்தனை மணி நேரம்' என்ற வரியைத் தேடுங்கள். அந்த வரியே இல்லாத டார்ச்சை விட்டுவிடுங்கள்.

எல்.இ.டி. தேர்வு

வெள்ளை எல்.இ.டி. என்பது உண்மையில் நீல எல்.இ.டி. தான். அதன் மேல் மஞ்சள் ஒளி தரும் பாஸ்பர் பூசியிருப்பார்கள். நீலமும் மஞ்சளும் கலந்து வெள்ளையாகத் தெரியும். நிச்சியா நிறுவனத்தில் வேலை பார்த்த ஷுஜி நகாமுரா 1993-ல் பிரகாசமான நீல எல்.இ.டி.யைக் காட்டிய பிறகுதான் இதெல்லாம் சாத்தியமானது. இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ ஆகியோருடன் அவருக்கு 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

வாங்குபவர் பார்க்க வேண்டியது முதலில் நிறம். 6500 கெல்வின் என்றால் நீலம் கலந்த வெள்ளை. 5000 நண்பகல் வெயில் போல. 4000 சற்று மஞ்சள். 2700 பழைய குண்டு பல்பு. எண்ணிக்கையில் அதிக லூமன் காட்டுவது 6500 தான் என்பதால் மலிவு டார்ச்கள் எல்லாம் அந்த நிறத்திலேயே வருகின்றன. அடுத்து சி.ஆர்.ஐ. எனப்படும் நிறத் துல்லிய எண். 100 என்றால் நிறங்கள் உள்ளபடியே தெரியும். மலிவு எல்.இ.டி.களில் இது 70 அளவில் இருக்கும். நிச்சியா 519ஏ, லூமினஸ் எஸ்.எஸ்.டி. 20 ஆகியவற்றின் 4000 கெல்வின் வகைகளில் 90-க்கு மேல் கிடைக்கிறது. ஒரே டார்ச்சில் இந்த எல்.இ.டி.யைத் தேர்ந்தெடுத்தால் லூமன் எண் சற்றுக் குறைவாகத்தான் போட்டிருப்பார்கள். கவலைப்படாதீர்கள். மண் நிற வரப்பில் மண் நிறப் பாம்பு கிடந்தால், அதைப் பிரித்துக் காட்டுவது நிற வித்தியாசம்தான், 70 சி.ஆர்.ஐ. நீல ஒளியில் வரப்பு, சருகு, கயிறு எல்லாமே ஒரே சாம்பலாகத் தெரியும். மார்கழி, தை மாதப் பனியிலும் இளமஞ்சள் ஒளி கண்ணுக்குக் கூச்சம் குறைவாக இருக்கும்.

தொலைவில் பார்ப்பதற்கு வருவோம். ஒளி எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சொல்வது லூமன் அல்ல, காண்டெலா. மொத்தம் எவ்வளவு ஒளி என்பது லூமன். ஒரு திசையில் எவ்வளவு குவிந்திருக்கிறது என்பது காண்டெலா. அமெரிக்காவில் 2009-ல் வந்த எஃப்.எல். 1 என்ற டார்ச் தர விதிப்படி, நிலவொளி அளவான கால் லக்ஸ் வெளிச்சம் விழும் தூரமே டார்ச்சின் தூரம். கணக்கு சுலபம்: காண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்குங்கள். 10,000 காண்டெலா என்றால் 200 மீட்டர். 40,000 என்றால் 400 மீட்டர். தூரம் இரட்டிப்பாக வேண்டுமானால் காண்டெலா நான்கு மடங்காக வேண்டும். விண்டோஸ் கால்குலேட்டரிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். ஒரே விளம்பரத்தில் காண்டெலாவும் தூரமும் பொருந்தவில்லை என்றால் அந்தக் கடையை நம்ப வேண்டாம்.

தூரத்துக்குச் சின்ன எல்.இ.டி.யும் பெரிய, ஆழமான ரிஃப்ளெக்டரும் வேண்டும். ஆஸ்ராமின் ஒயிட் பிளாட் வகை, லூமினஸ் எஸ்.எஃப்.டி. 40 போன்ற மேலே குமிழ் இல்லாத தட்டை எல்.இ.டி.கள் இதற்கானவை. பக்கத்தில் பரவலாகத் தெரிய வேண்டுமானால் மூன்று நான்கு எல்.இ.டி.கள், அல்லது எக்ஸ்.எச்.பி. 70 போன்ற பெரிய எல்.இ.டி., ஆரஞ்சுப் பழத்தோல் போன்ற சொரசொரப்பான ரிஃப்ளெக்டர். இரண்டையும் ஒரே டார்ச்சில் எதிர்பார்ப்பது, ஒரே வண்டியில் மூட்டையும் ஏற்ற வேண்டும், பந்தயத்திலும் ஓட வேண்டும் என்பது போலத்தான்.

சூடு எங்கே போகும்?

10 வாட் எல்.இ.டி.யில் பாதிக்கு மேல் வெப்பமாகவே போகிறது. பிராசசருக்கு ஹீட் சிங்க்கும் ஃபேனும் இருப்பது போல டார்ச்சுக்கு அதன் உலோக உடம்புதான் ஹீட் சிங்க். ஃபேன் இல்லை. எல்.இ.டி. உட்காரும் சின்னத் தட்டு செம்பாக இருந்து, எல்.இ.டி.யின் அடிப்பாகம் செம்பை நேரடியாகத் தொட்டால் வெப்பம் விரைவாக இறங்கும். நடுவே பிசின் போன்ற காப்புப் படலம் இருந்தால் மாட்டிக்கொள்ளும். அதற்கும் கீழே பிராசசருக்குத் தடவும் அதே தெர்மல் பேஸ்ட்தான். பிளாஸ்டிக் உடம்புள்ள டார்ச்சில் 'ஹை பவர்' என்று எழுதியிருந்தால் சிரித்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

பைக்குள் தவறுதலாக டர்போவில் எரிந்தால் துணி பொசுங்கும் அளவுக்குச் சூடாகும். எனவே வால்பகுதியைக் கால் சுற்றுத் தளர்த்தினால் இணைப்பு அறுபடும் வகை டார்ச்களே பாதுகாப்பானவை. சைடு சுவிட்ச் உள்ள டார்ச்கள் அணைந்திருக்கும்போதும் மிகச் சிறிதளவு மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். புயலுக்கென்று எடுத்து வைப்பவர்களும் இப்படித் தளர்த்தி வையுங்கள்.

உள்ளே ஒரு கம்ப்யூட்டர்

இப்போது நம் துறைக்கு வருவோம். நல்ல டார்ச் டிரைவரில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் இருக்கிறது. பலவற்றில் ஏ.டி.டைனி 85 என்ற 8 பிட் சிப் இருந்தது; நினைவகம் வெறும் 8 கே.பி., ராம் 512 பைட். உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு காலியான வேர்ட் ஃபைல்கூட இதற்குள் அடங்காது! ஆனால் இந்த 8 கே.பி.க்குள் பேட்டரி வோல்ட் அளப்பது, சூடு பார்த்து வெளிச்சத்தைக் குறைப்பது, ஒரே பட்டனில் பத்துப் பதினைந்து வேலைகள் எல்லாவற்றையும் எழுதிவிட்டார்கள்.

அப்படி எழுதப்பட்டவற்றில் புகழ்பெற்றது 'ஆண்டுரில்'. டாய்கீப்பர் என்ற பெயரில் எழுதும் புரோகிராமர் ஒருவர் உருவாக்கியது. லினக்ஸ் போலவே இதன் மூல நிரலும் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையில் வரும் வாளின் பெயர் இது. ஆண்டுரில் 2 உள்ள டார்ச்சில் அணைந்திருக்கும்போது மூன்று முறை தட்டினால் பேட்டரி வோல்ட்டைக் கண்சிமிட்டிச் சொல்லும்: நான்கு சிமிட்டல், சிறு இடைவெளி, ஒரு சிமிட்டல் என்றால் 4.1 வோல்ட். நான்கு முறை தட்டினால் பூட்டிக்கொள்ளும். பட்டனை அழுத்திப் பிடித்தால் வெளிச்சம் மெல்ல ஏறும்.

சில டார்ச்களில் இந்த ஃபர்ம்வேரை நீங்களே கம்ப்யூட்டரிலிருந்து மாற்றலாம். யு.எஸ்.பி. ஏ.எஸ்.பி. என்ற சின்ன புரோகிராமர் கருவியும், ஏ.வி.ஆர்.டியூட் என்ற இலவச மென்பொருளும் போதும். வேடிக்கை என்னவென்றால், விண்டோஸில் அந்த புரோகிராமருக்கே முதலில் ஒரு டிரைவர் நிறுவ வேண்டும், டிரைவருக்கு டிரைவர்! மதர்போர்டு பயாஸ் போலத்தான் இதுவும். உங்கள் மாடலுக்கு உரிய ஃபைலை மட்டுமே ஏற்றுங்கள். வேறு மாடலின் ஃபைலை ஏற்றினால் சூடு, வோல்ட் கணக்கெல்லாம் தப்பாகிவிடும். புதியவர்கள் அவசரப்பட வேண்டாம். வந்த ஃபர்ம்வேரே பல வருடங்களுக்குப் போதும்.

பேட்டரியில் விளையாட வேண்டாம்

18650 என்றால் 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். 21700 அதைவிடச் சற்றுப் பெரியது. 18650 அளவில் நல்ல நிறுவனங்களின் பேட்டரிகள் 3000 முதல் 3600 எம்.ஏ.எச். வரைதான் பொதுவாக வருகின்றன. 9900 என்று அச்சிட்டிருந்தால் அது அச்சு மட்டுமே. பழைய லாப்டாப் பேட்டரி பேக்குகளுக்குள் இதே 18650 ஆறு இருக்கும். அவற்றை உடைத்து, தேய்ந்துபோனதைப் புது உறை மாட்டி விற்பதும் நடக்கிறது. உள்ளே கோளாறான லித்தியம் பேட்டரி என்ன செய்யும் என்பதை 2006-ல் உலகம் பார்த்தது; சோனி தயாரித்த பேட்டரிகள் தீப்பற்றும் அபாயத்தால் அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் டெல் நிறுவனம் மட்டும் 41 லட்சம் லாப்டாப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. டார்ச் என்பது இரு பக்கமும் இறுக்கி மூடிய உலோகக் குழாய். உள்ளே பேட்டரி வெடித்தால் அது டார்ச் அல்ல, குழாய் வெடி.

ஆகவே ஐ.எஸ். 16046 என்ற தர எண்ணும் பி.ஐ.எஸ். பதிவு எண்ணும் உறையில் இருக்கிறதா பாருங்கள். எஃப்.இ.டி. டிரைவர் உள்ள டார்ச்சுக்கு அதிக ஆம்பியர் தரக்கூடிய பேட்டரி வேண்டும். லீனியருக்குச் சாதாரணமானதே போதும். இரண்டு பேட்டரி டார்ச்சில் புதியதும் பழையதும் கலந்து போடக் கூடாது. உறை கிழிந்தால் அந்த பேட்டரியை ஒதுக்கிவிடுங்கள்.

உப்புக் காற்று

மரக்காணம் பக்கம் சைக்கிள் நிறுத்தி வைத்தால் செயினைப் பார்க்க வேண்டும்! டார்ச்சுக்கும் அதே கதி. ஐ.பி.எக்ஸ். 8 என்று போட்டிருந்தால் நீரில் மூழ்கினாலும் தாங்கும் என்று பொருள்; ஆனால் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. உப்புநீர் உலோகத்தை என்ன செய்யும் என்று அது சொல்லாது. அலுமினியமும் செம்பும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் உப்புநீர் பட்டால் அலுமினியம் வேகமாக அரிக்கும். எனவே செம்பு, பித்தளை வளையம் வைத்த அழகு டார்ச் உப்பளத்துக்கு வேண்டாம். கெட்டியான அனோடைஸ் பூச்சு உள்ள முழு அலுமினியமே நல்லது.

யு.எஸ்.பி. சி போர்ட் டார்ச்சிலேயே இருப்பது வசதிதான். ஆனால் ரப்பர் மூடி தளர்ந்ததும் உப்பு முதலில் நுழையும் வாசல் அதுதான். கடற்கரைவாசிகளுக்கு நான் சொல்வது: பேட்டரியைக் கழற்றித் தனி சார்ஜரில் போடும் வகையை வாங்குங்கள். வேலை முடிந்ததும் மூடிய நிலையிலேயே நல்ல தண்ணீரில் அலசித் துடையுங்கள். மாதம் ஒரு முறை மரையைத் துடைத்து, ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கோன் கிரீஸ் தடவுங்கள். ராம் கார்டு துடைக்க வைத்திருக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஸ்பிரிங் முனையையும் துடைத்தால் வெளிச்சம் மினுக்குவது நின்றுவிடும்.

ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கடற்கரைக்கு பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். வெள்ளை வெளிச்சம் அவற்றைத் திருப்பி அனுப்பிவிடும். குஞ்சுகளையும் திசை மாற்றும். இரவில் மணலில் நடக்கும் பழக்கம் உள்ளவர்கள் சிவப்பு எல்.இ.டி.யும் சேர்ந்த டார்ச்சாகப் பார்த்து வாங்கலாம்.

பார்சல் வந்ததும்

முதல் நாளே மூன்று சோதனைகள் செய்துவிடுங்கள். மொபைல் கேமராவைத் திறந்து, டார்ச்சைக் குறைந்த வெளிச்சத்தில் வைத்து, சுவரில் விழும் ஒளியைப் பாருங்கள். திரையில் பட்டை பட்டையாக ஓடினால் அது மெதுவான பி.டபிள்யு.எம். டிரைவர். அடுத்து, இருட்டறையில் டார்ச்சை நிமிர்த்தி வைத்து முழு வெளிச்சத்தில் பத்து நிமிடம் விடுங்கள். எந்த நல்ல டார்ச்சும் சூடு கூடியதும் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், அது குறையல்ல. குறைக்காமல் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் திருப்பி அனுப்புங்கள். மூன்றாவது, 18650 பேட்டரியை மட்டும் எடுத்துக்கொண்டு பக்கத்து மளிகைக் கடை டிஜிட்டல் தராசில் வையுங்கள். நல்ல பேட்டரி 45 முதல் 50 கிராம் வரை இருக்கும். முப்பது சொச்சம்தான் காட்டுகிறது என்றால், ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து அந்த பட்டனை கிளிக் செய்துவிடுங்கள்.